சரக்கைத் தேடிப் போன தண்டவாளம்

தேசூர்

ஆரணிப் பட்டு நெசவு பரவிய ஊர்களில் ஒன்றான தேசூரில் ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் ஒரு பக்கம் திண்டிவனம் போக வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் போளூரோ களம்பூரோ போக வேண்டும். களம்பூரில் இருக்கும் நிலையத்துக்குத்தான் ஆரணி ரோடு என்று பெயர். ஆரணிக்குள் தண்டவாளம் நுழையவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக நகரி வரை சுமார் 180 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வந்தவாசிக்கு வண்டி வரவில்லை. நிலம் எடுப்பது, நிதி ஒதுக்குவது என்று இதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. குழித்தறியில் ஒரு குடும்பமே பல நாள் உட்கார்ந்து நெய்தது ஒரு துணிப்பைக்குள் மடங்கிவிடும். பட்டுச் சேலைக்கு விலை உண்டு, எடை இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்விடலாம். எடையில்லாத சரக்குக்காக யாரும் அவசரப்பட்டுத் தண்டவாளம் போடுவதில்லை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இலங்கையின் மலைநாட்டு ரயிலில் ஏறினால், சுற்றுலாப் புத்தகங்கள் காட்டாத ஒரு பாதை தெரியும். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பகல் முழுவதையும் விழுங்கும் பயணம். உலகின் அழகான ரயில் பயணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. காடு, மேகம், அருவி, மனிதக் கை படாத மலை என்றுதான் அதை வர்ணிப்பார்கள். இந்த வர்ணனை பாதி தவறு என்பது என் வாதம். ரயில் ஒருநாளும் அழகைத் தேடிப் போவதில்லை, சரக்கைத் தேடித்தான் போகிறது. இந்தப் பாதையில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சரக்கு இருந்திருக்கிறது. முதலில் காப்பி, பிறகு தேயிலை, நடுவில் மனிதர்கள். இன்று ஜன்னல் காட்சியே சரக்கு. எந்தச் சரக்கை யார் விளைவித்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்காமல் இந்த மலையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

கொழும்பு – கடுகண்ணாவை

புறப்பட்ட முதல் இரண்டு மணி நேரம் நாகர்கோவில் பக்கத்தை நினைவூட்டும். தென்னை, பலா, வாழை, இடையிடையே நெல்வயல். பொலகாவலை தாண்டி ரம்புக்கணைக்கு வந்ததும் நிலம் நிமிர்கிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை 45 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்ற கணக்கில் வண்டி ஏறுகிறது. ஊட்டி மலை ரயிலுக்கு இருப்பதுபோல் நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் இல்லை. நம் ஊர் அகலப்பாதையின் அதே ஐந்தரை அடி அகலத்தில், வளைந்து வளைந்துதான் உயரத்தை எட்டிப் பிடிக்கிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறிப் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும்போது பெட்டியில் இருப்பவர்கள் கூட்டமாகக் கதவுப் பக்கம் போகிறார்கள்.

இந்த ஏற்றத்தை ஏன் இத்தனை பாடுபட்டுக் கட்டினார்கள்? 1815இல் கண்டி அரசு பிரிட்டிஷார் கைக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் கண்டியைச் சுற்றிய மலைக்காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் ஆயின. மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கிக் கொழும்புத் துறைமுகம் சேர்வதற்குள் நாளும் கெட்டது, மாடும் செத்தது. தோட்ட முதலாளிகள்தான் ரயில் வேண்டுமென்று அரசை நெருக்கினார்கள். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது. அதாவது மலைமேல் இருந்த மூட்டையைக் கடலுக்கு இறக்கவே இந்தப் பாதை போடப்பட்டது. ஆட்கள் ஏறியது அதற்குப் பிறகு வந்த வசதி.

காப்பி ரயிலில் இறங்கிய அதே காலத்தில் அதைப் பறித்தவர்கள் நடந்து ஏறினார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டிய மக்கள், தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலேயே பலரைத் தின்றன. வனாந்தரப் பயணம் என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாட யாராவது உண்டென்றால் அவர்கள்தான். 2023இல், மலையக மக்கள் எனப்படும் இவர்களின் வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ரயில் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

நாவலப்பிட்டி – அட்டன்

பேராதனையில் பாதை பிரிகிறது. கண்டிக்கு ஒரு கிளை போக, பதுளை வண்டி கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குத் திரும்புகிறது. இங்கே வண்டிக்குள் வடைக்காரர்கள் சுறுசுறுப்பாகிறார்கள். தட்டையான பருப்பு வடையின் முகத்தில் ஓட்டோடு ஒரு முழு இறாலைப் பதித்துப் பொரித்த இறால் வடைதான் இந்த ரயிலின் சாப்பாடு. வெங்காயமும் மிளகாயும் தூவி, பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் தருகிறார்கள். எண்ணெய் ஊறிய தாளில் ஏதோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கும், அதன்மேல் ஆசிரியர் போட்ட சிவப்புக் குறியும் தெரியும். நம் பக்கத்து ரயில்களில் வடையோடு சட்னி வரும். இங்கே மாங்காய் அச்சாறு வருகிறது. விற்பவர் சிங்களத்தில் கூவி, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறுகிறார். இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வருவது இந்தப் பெட்டிகளில் சாதாரணம்.

1874இல் நாவலப்பிட்டியை எட்டிய தண்டவாளம் 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தொழில் படுத்துவிட்டது. காப்பியை நம்பி மேலே ஏறிக்கொண்டிருந்த ரயில், மேலே போய்ச் சேர்ந்தபோது அங்கே காப்பி இல்லை. கண்டிக்கு ரயில் வந்த அதே 1867இல் லூல்கந்தூரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அந்தச் செடிதான் ரயிலைக் காப்பாற்றியது. ரயிலும் பதிலுக்குத் தேயிலையைக் காப்பாற்றியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியபோது, ஏலத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்க்க ஒரு பாதை தயாராக இருந்தது.

வட்டவளை தாண்டினால் தேயிலை தொடங்கி, பிறகு மணிக்கணக்கில் முடிவதே இல்லை. சீவிவிட்டதுபோல் ஒரே உயரத்தில் நிற்கும் இந்தச் செடிகளை விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும். கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்புயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏழு எட்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியின் தலையிலும் ஒரு பெண்ணின் விரல் படுகிறது. ஆக, ஜன்னலில் தெரியும் பச்சை நிறத்தின் சமதளம் முழுக்க மனிதக் கையின் வேலை. அந்தக் கைகளுக்காக முதலில் பேசியவர்களில் ஒருவர், தஞ்சாவூரிலிருந்து போய் அட்டனில் தங்கிய கோ. நடேசய்யர். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். தோட்டத் துரைமார் கூட்டம் போட இடம் தராதபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடியே ஆட்களைச் சேர்த்தார்.

தலவாக்கலை – நானுஓயா

அட்டனை அடுத்த சிங்கமலைச் சுரங்கம் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். வெளியே வந்தால் கொட்டகலை, தலவாக்கலை. இந்தச் சின்ன நிலையங்களில் ஒரு காட்சியைக் கவனிக்கலாம். வண்டி மெல்ல வரும்போது நிலைய ஊழியர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுகிறார். டிரைவர் கையிலிருந்த வளையத்தைப் போட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்கிறார். வளையத்தின் பையில் ஓர் உலோக வில்லை இருக்கும். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம் வரை போக அனுமதி அது. ஒரு பிரிவுக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே வரும். வில்லை இல்லாமல் வண்டி நகராது. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த ஏற்பாடு இன்றும் தவறாமல் நடப்பதைப் பார்க்கும்போது, ரயில் என்பது எஞ்சினைவிடக் கைகளாலேயே அதிகம் ஓடுகிறது என்று தோன்றும்.

அழகை அழகாகப் பார்த்துவிட்டுப் போகாமல் எதற்கு வரலாற்றை இழுத்து வந்து அதில் மண் போட வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். தலவாக்கலைக்கு அருகே ரயிலிலிருந்தே தெரியும் சென் கிளேயர் அருவியை வைத்துப் பதில் சொல்லலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக அந்த ஆற்று நீர் திருப்பப்படுகிறது. அருவி பகலில் அருவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தினமும் குறிப்பிட்ட நேரம் தண்ணீர் அளந்து விடப்படுகிறது. அதாவது பார்ப்பவர் இருக்கும் நேரத்துக்கு மட்டும் இயற்கை. இது தெரிந்தவுடன் அருவியின் அழகு குறைந்துவிடுவதில்லை. அதை யார் திறக்கிறார், யார் மூடுகிறார் என்பது கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வரலாறு அழகைக் கெடுப்பதில்லை. அழகுக்கு யார் செலவு செய்தார் என்ற கணக்கைச் சொல்கிறது.

அந்தக் கணக்கில் மிகப் பெரிய தொகை மனிதர்கள். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மூட்டைகளைப் பிரிக்கும் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிப் போன வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. தேயிலையை இறக்கிய தண்டவாளத்திலேயே அதைப் பயிராக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இறக்கப்பட்டார்கள். ராமேஸ்வரத்தில் கரையேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு, தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய டான்டீ தோட்டங்கள் வேலை கொடுத்தன. மலை மாறியது, செடி மாறவில்லை.

நானுஓயாவில் இறங்கித்தான் நுவரெலியா போக வேண்டும். ஒரு காலத்தில் இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குக் குறுகிய பாதை ரயில் ஒன்று ஓடியது. இந்தத் தீவின் அழகான மலைநகருக்கே நேராகப் போன ரயில் அது. லாரியும் பஸ்ஸும் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டதும், 1940களில் அதை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அழகு ஒரு ரயிலைக் காப்பாற்றும் என்றால் அதைத்தான் முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும்.

பட்டிப்பொல – ஒஹிய

நானுஓயாவுக்கு மேல் தேயிலை மெலிந்து, அம்பேவெல மேய்ச்சல் நிலம் தாண்டி, உண்மையான காடு வருகிறது. பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். அதற்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை 6,226 அடி உயரத்தைத் தொடுகிறது. குட்டையான, முறுக்கிய மரங்கள். கிளை முழுக்கப் பாசி. வெயில் அடிக்கும்போதும் இலை நுனியில் நீர். தேசூர் பக்கத்துப் பாறைக் குன்றையும் வேலிக்காத்தானையும் ஏரிக்கரைப் பனையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம். மழை என்பது வருஷத்துக்குச் சில வாரம் வந்து போகும் விருந்தாளி என்றிருக்கும் ஊரிலிருந்து போனால், இங்கே மரமே மழையை உடுத்திக்கொண்டு நிற்பதாகத் தெரியும். உச்சியிலுள்ள சுரங்கத்தின் ஒரு வாயில் மழையில் நனைய, மறு வாயில் ஊவா மாகாணத்தின் வெயிலில் காய்வதும் உண்டு.

இதுவாவது மனிதக் கை படாத இடமில்லையா என்று கேட்கலாம். கை படவில்லை என்பது உண்மைதான்; ஆனால் அதுவும் ஒரு கையெழுத்தால் நடந்தது. 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். மேலே காடு இல்லாவிட்டால் கீழே ஆறுகள் வற்றும் என்பது அதிலிருந்த நியாயம். ஏற்கெனவே தோட்டமாகிவிட்ட இடங்கள் தப்பவில்லை, மிச்சமிருந்தது தப்பியது. இன்றைய ஹோட்டன் சமவெளியின் காடு அந்த முடிவின் மிச்சம். 1988இல் அது தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தோட்டம் எப்படி ஒரு முடிவோ அப்படியே காடும் ஒரு முடிவு. இந்தப் பகுதி என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. எவ்வளவு காடு, எவ்வளவு தேயிலை என்ற எல்லையை மலை வரையவில்லை. மேசைமீது விரித்த வரைபடம்தான் வரைந்தது.

அப்புத்தளை – எல்ல – தெமோதரை

இதல்கஸ்ஹின்னவில் தண்டவாளம் மலைமுதுகில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். அப்புத்தளையிலிருந்து தெற்கே தாழ்நிலம் கடல் திசையில் விரிகிறது. 1890இல் தாமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னத் தோட்டம் பக்கத்தில்தான். அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் உச்சிக்கு இன்று ஆட்டோவில் போகிறார்கள். உச்சிக்குப் போகும் வழியெல்லாம் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் பிரிட்டிஷ் காலத்தில் கட்டிய அறைகளின் வரிசையில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. பெரட்டு எனும் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்குக் கூடி, மலை பிரித்துக் கொடுத்ததும், கூடையோடு ஏறுகிறார்கள். நாளைக்கு 18 கிலோ அளவில் கொழுந்து எடுக்காவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் அரசாணையாக வந்தது. நல்ல தேயிலை ஏலத்துக்குப் போகிறது. பறித்தவர்கள் வீட்டு அடுப்பில் கொதிப்பது தூள். காலையில் ரொட்டியும் கட்டசம்பலும் அந்தச் சாயத் தண்ணீரும் தரும் தெம்பில்தான் மேட்டுமலை ஏறுகிறார்கள்.

விவசாய நிலம் எல்லாமே இப்படித்தான், உன் ஊர் மட்டும் யோக்கியமா என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டும். ஆரணி வட்டாரத்தில் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அவர் கொடுத்த பட்டில் கூலிக்கு நெய்து, கடன் தீராமல் அதே தறியில் கிடந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளும் அந்தக் கடனில் உட்கார்ந்தார்கள். கங்காணியின் முன்பணமும் தறி முதலாளியின் முன்பணமும் ஒரே கயிறு. வேறுபாடு ஒன்றுதான். கல்யாண வீட்டில் சேலையைப் பார்ப்பவர் அதை யாரோ நெய்தார்கள் என்பதை மறுக்க மாட்டார். ரயில் ஜன்னலில் தேயிலையைப் பார்ப்பவர் அதை இயற்கை என்கிறார். உழைப்புக்குக் கூலி குறைவது ஓர் அநியாயம். அது உழைப்பே இல்லை என்று ஆகிவிடுவது இன்னோர் அநியாயம்.

எல்லவில் வண்டி பாதி காலியாகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டி 1921இல் முடித்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் கேமராக்கள். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தன்னுடைய நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைந்து வெளியேறுகிறது. ஒரு கங்காணி தலைப்பாகை கட்டியதைப் பார்த்து எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதில்கூடத் தோட்டத்து மனிதரின் தலைப்பாகைக்குத்தான் இடம் கிடைத்தது, அவர் பெயருக்கு இல்லை.

பதுளை

1924இல் தண்டவாளம் பதுளையை வந்தடைந்து நின்றது. கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் வண்டிக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள். இன்று தேயிலை பெரும்பாலும் லாரியில் இறங்குகிறது. ரயில் சுமப்பது பயணிகளை. முன்பதிவுப் பெட்டிகளில் வெளிநாட்டவர் நிறைந்திருக்க, பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் அட்டன், தலவாக்கலை இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போய்வருகிறார்கள். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது நிற்கவும் இடமிருக்காது.

சுற்றுலா வந்தால் நல்லதுதானே, ரயிலும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும் என்பது கடைசி எதிர்வாதம். இதில் பாதி சரி. நுவரெலியாக் குறுகிய பாதைக்கு நேர்ந்த கதி இந்தப் பெரிய பாதைக்கு நேராமல் இருப்பதில் சுற்றுலாவுக்குப் பங்கு உண்டு. ஆகவே ரயிலேறாதீர்கள் என்று சொல்வது என் நோக்கமில்லை. மீதிப் பாதியை இந்தப் பாதையின் வரலாறே சொல்கிறது. காப்பி வந்தபோதும் தேயிலை வந்தபோதும், மலைக்குச் செழிப்பு வரும் என்றுதான் சொன்னார்கள். செழிப்பு வந்தது, தண்டவாளம் வழியாகக் கீழே இறங்கியும் போனது. காட்சி என்ற புதிய சரக்கு முந்தைய இரண்டையும்விட வித்தியாசமானது. அதை மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்ப முடியாது, வாங்குகிறவர்தான் மலைக்கு வர வேண்டும். அதனால், விளைவித்தவர்கள் கையில் விலையின் ஒரு பங்கு நிற்பதற்கு இந்த முறை வாய்ப்பு இருக்கிறது. லயத்துக்குப் பதில் சொந்த நிலத்தில் வீடு, அந்த வீட்டில் பயணிக்குத் தங்க ஓர் அறை, நிலையத்தில் தோட்டத்துப் பெண்கள் நடத்தும் தேநீர்க் கடை, ஊர் மக்களுக்கு இடம் ஒதுக்கிய பெட்டிகள் என்று வழிகளை யாரும் யோசிக்கலாம். இவற்றில் எதுவும் தண்டவாளம் போடுவதைவிடக் கடினமில்லை. திண்டிவனம்–நகரிப் பாதை என்றாவது ஓடத் தொடங்கினாலும் தேசூர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ரயில் எதை ஏற்றிப் போகிறது, ஏற்றிவிட்டவருக்கு என்ன கொண்டுவருகிறது?